யார் அதிகம் பேசியது?

முதுகலை படிக்கப்போகிறேன் என்ற செய்தி குடும்பத்தில் பரவியதும் மாமா ஃபோன் செய்து கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கட்சிடா?"

அம்மா அவரிடம் "தம்பி கவுன்சலரா ஆவப்போறானாம்" என்று சொல்லியிருக்கிறார். மாமாவைப் பொறுத்தவரை கவுன்சிலர் என்பவர் நகராண்மைக் கழகத்தில் உட்கார்ந்து சாக்கடை, தெருவிளக்கு விவகாரமெல்லாம் பார்ப்பவர். அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். "மனசுல கஷ்டம் உள்ளவங்க வந்து பேசுவாங்க மாமா, நாங்க கேப்போம்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அட்வைஸ் பண்றதா? அத நாங்க ஓசியிலயே பண்றோமே" என்றார்.

மாமாமேல் தப்பில்லை. தமிழில் அந்த வேலைக்கு நாம் வைத்திருக்கும் பெயரே 'ஆலோசகர்'தான். சட்ட ஆலோசகர், நிதி ஆலோசகர், மனநல ஆலோசகர் எல்லாம் ஒரே வரிசை. இலங்கைத் தமிழர்கள் 'உளவளத்துணை' என்கிறார்கள். அதில் குறைந்தபட்சம் 'துணை' இருக்கிறது. இந்தத் துறை 'ஆலோசனை'யில் தொடங்கி 'துணை'க்கு எப்படி வந்து சேர்ந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. இதைத் தொடங்கி வைத்தவர் என்னைப்போல ஓர் என்ஜினியர்.

ஃபிராங்க் பார்சன்ஸ் 1854இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிறந்தவர். கார்னல் பல்கலைக்கழகத்தில் சிவில் என்ஜினியரிங் முடித்து ஒரு ரயில் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். 1873இன் பொருளாதார வீழ்ச்சியில் அந்தக் கம்பெனி திவாலானது. பட்டம் வாங்கிய கையோடு இரும்புத் தொழிற்சாலையில் கூலி வேலை. பிறகு பள்ளி ஆசிரியர், வக்கீல், சட்டநூல் எழுதுபவர், பேராசிரியர். ஒருமுறை பாஸ்டன் மேயர் தேர்தலில் நின்று தோற்றும் இருக்கிறார். (மாமாவிடம் இதைச் சொன்னால் "பாத்தியா, நான் சொல்லல?" என்பார்.)

வேலை வேலையாக மாறி அலைந்தவருக்கு ஒரு கேள்வி விடாமல் இருந்திருக்கிறது. ஒரு வீட்டை வாங்க அவ்வளவு யோசிக்கும் மனிதன், வாழ்நாள் முழுக்கச் செய்யப்போகும் வேலையை ஏன் தற்செயலுக்கு விடுகிறான்? பாஸ்டனின் வடக்கு முனையில் இத்தாலிய, யூதக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், அவர்களுக்கான சமூக இல்லம் ஒன்றோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அங்கிருந்துதான் 1908 ஜனவரியில் தொழில் வழிகாட்டி மையம் ஒன்றைத் திறந்தார். அவ்வருட மே மாத அறிக்கையின்படி, முதல் சில மாதங்களில் அவரிடம் வந்தவர்கள் சுமார் 80 பேர். வயது 15 முதல் 72 வரை. அந்த 72 வயதுக்காரர் என்ன கேட்டிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

பார்சன்ஸின் முறை அப்பட்டமான என்ஜினியர் முறை. முதலில் ஆளைத் தெரிந்துகொள், அடுத்து வேலையைத் தெரிந்துகொள், பிறகு இரண்டையும் சரியான தர்க்கத்தால் பொருத்து. போல்ட்டுக்கு நட் தேடுவதுபோல. வருபவர் நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதித் தரவேண்டும். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பார்சன்ஸ் அவருடைய தலையின் வடிவத்தையும் கவனிப்பாராம், காதுக்கு முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று. அந்தக் காலத்து மண்டையோட்டு சாஸ்திரத்தின் மிச்சம் அது. சிரிப்பு வருகிறது. ஆனால் அதே ஆள்தான் ஆலோசகருக்குத் தனிப்பயிற்சி வேண்டும் என்று முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர். அதற்கான வகுப்புத் திட்டத்தையும் வரைந்தார். அது வளர்வதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1908 செப்டம்பரில் இறந்துவிட்டார். அவருடைய 'தொழிலைத் தேர்ந்தெடுத்தல்' நூல் 1909இல்தான் வந்தது. 1911இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கென ஒரு பாடத்தை நடத்தியது. பல்கலைக்கழகத்துக்குள் இந்தப் படிப்பு காலடி வைத்தது அப்போதுதான்.

பார்சன்ஸை நான் கிண்டல் செய்ய முடியாது. நானே அவருடைய பொருத்தல் முறையின் விளைபொருள். இடைநிலைப்பள்ளியில் ஒருநாள் எங்களை மண்டபத்தில் உட்காரவைத்துத் தொழில் ஆர்வச் சோதனை ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். ஆறு எழுத்துகளில் உனக்கு எது அதிகம் என்று சொல்லும் சோதனை. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் முன்வைத்த கோட்பாட்டின் வழி வந்தது. அந்தக் கோட்பாட்டின் தாத்தா பார்சன்ஸ்தான். எனக்கு முதல் இரண்டு எழுத்துகள் கருவிகளையும் ஆராய்ச்சியையும் காட்டின. "என்ஜினியரிங் எடு" என்றார் ஆசிரியர். மொத்தச் சந்திப்பும் நாலு நிமிடம். அவர் சொன்னது தப்பு என்றும் சொல்லமாட்டேன். உள்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் படித்து, பிறையில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்து, இயந்திரத்தின் அதிர்வைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அந்த வேலை எனக்குப் பிடிக்கும்.

அங்கேதான் அந்த அண்ணன் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய டெக்னிஷியன். இரவு ஷிஃப்டில் ஒருநாள், கம்ப்ரெசர் அறைக்கு வெளியே தே தாரிக் குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னார், "வீட்டுக்குப் போனா தூக்கமே வர்றதில்ல தம்பி. என்னத்த சொல்றது."

நான் உடனே வேலையில் இறங்கிவிட்டேன். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், காப்பி எத்தனை, கிளினிக் போனீர்களா. எங்கள் தொழிலில் பழுதின் வேரைப் பிடிக்க ஐந்து முறை 'ஏன்' கேட்கவேண்டும் என்பது பாலபாடம். கேட்டேன். ஷிஃப்ட் மாற்றச் சொல்லி மேலிடத்துக்கு நானே கடிதம் தட்டித் தருகிறேன் என்றேன். "சரி தம்பி" என்றார். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வரவில்லை. பிறகு வரவே இல்லை. நம்பர் எடுக்கவில்லை, அப்புறம் அந்த நம்பரே இல்லை. ஜொகூர் பக்கம் போய்விட்டார் என்றார்கள் சிலர். யாருக்கும் சரியாகத் தெரியாது. அந்தக் கடிதம் இன்னும் என் கணினியில் இருக்கிறது. அழகான கடிதம்.

இங்கேதான் கார்ல் ரோஜர்ஸ் வருகிறார்.

ரோஜர்ஸும் நேர்வழியில் வந்தவர் அல்ல. 1902இல் பிறந்தவர். முதலில் விவசாயம் படித்தார், பிறகு பாதிரியாராகப்போய் பாதியில் தெருவைத் தாண்டி எதிரே இருந்த கொலம்பியா ஆசிரியர் கல்லூரிக்கு மாறினார். 1928இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், கொடுமைக்குள்ளான குழந்தைகளுக்கான சங்கம் ஒன்றில் வேலை. அங்கே 12 ஆண்டுகள். அப்போது நடந்த ஒரு சம்பவத்தை அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார். அடங்காத பையன் ஒருவனின் அம்மாவோடு பல வாரம் பேசுகிறார். கோளாறு அந்த அம்மா மகனை ஒதுக்குவதில்தான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. அதை அந்தப் பெண்ணுக்குப் புரியவைக்க என்னென்னவோ செய்துபார்க்கிறார். ஒன்றும் ஏறவில்லை. சரி, நிறுத்திக்கொள்வோம் என்று கைகுலுக்கி விடைகொடுக்கிறார். வாசல்வரை போனவர் திரும்பி, "இங்கே பெரியவர்களையும் பார்ப்பீர்களா?" என்று கேட்கிறார். பார்ப்போம் என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்து தன் கல்யாண வாழ்க்கையைக் கொட்டத் தொடங்குகிறார். அதுவரை ரோஜர்ஸ் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருந்த கேஸ் குறிப்பில் இல்லாத கதை அது.

எங்கே வலிக்கிறது என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்று ரோஜர்ஸ் அதிலிருந்து எடுத்துக்கொண்டார். இது கேட்க எளிது. அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்ட கலகம். 1940 டிசம்பர் 11ஆம் தேதி மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பேச அழைக்கிறார்கள். மாணவர்களுக்குச் சோதனை வைத்து, முடிவெடுத்து, அறிவுரை சொல்லி அனுப்பும் முறைக்குத் தலைநகரமே அந்தப் பல்கலைக்கழகம்தான். அந்த முறையின் பெரிய பெயரான வில்லியம்சன் அங்கேதான் இருந்தார். ரோஜர்ஸ் அங்கே போய் நின்று, அறிவுரை சொல்வது பயன்படாத பழைய முறை என்றார். அறையில் ஏற்பட்ட கொதிப்பைப் பார்த்துத்தான் தான் ஏதோ புதிதாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்ததாம். தன் முறை பிறந்த நாள் என்று அவர் அந்தத் தேதியைத்தான் சொல்வார்.

ஆனால் என்னை ரோஜர்ஸின் பக்கம் இழுத்தது அவருடைய தத்துவம் அல்ல, ஒரு மெஷின். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவர்களை ஆலோசனை அறைக்குள் அனுப்பி, அதை அப்படியே ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினார். டேப் இல்லாத காலம். இசைத்தட்டில் செதுக்கவேண்டும். ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் தாங்கும். ஒன்று முடிவதற்குள் அடுத்த தட்டு தயாராக வேண்டும். பிறகு எல்லோரும் மெஷினைச் சுற்றி உட்கார்ந்து, பேச்சு எந்த இடத்தில் தடம் புரண்டது என்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார்கள். 1942இல் வந்த அவருடைய நூலில் ஹெர்பர்ட் பிரையன் என்று பெயர் மாற்றப்பட்ட ஒருவரின் எட்டுச் சந்திப்புகளும் ஒரு சொல் விடாமல் அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொரு பேச்சுக்கும் எண். இந்த இடத்தில் ஆலோசகர் சொதப்பினார், இந்த இடத்தில் அவசரப்பட்டார் என்று கீழே குறிப்பு. முழுச் சிகிச்சை ஒன்றைப் பூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்து எல்லோர் முன்னாலும் வைத்த முதல் நூல் அது.

அதற்கு முன்பெல்லாம் ஆலோசகர் அறையைவிட்டு வந்து நினைவிலிருந்து எழுதும் அறிக்கைதான் சாட்சி. கோவ்னர் என்ற ரோஜர்ஸின் மாணவர் அப்படிப்பட்ட அறிக்கைகளை ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பேசியதில் பெரும்பகுதி அறிக்கையில் இல்லை. போர்ட்டர் என்ற இன்னொரு மாணவர் செய்ததுதான் என்னைப்போன்ற ஆளுக்கு இனிப்பு. பதிவான சந்திப்புகளில் ஆலோசகர் பேசிய சொற்களையும் வந்தவர் பேசிய சொற்களையும் எண்ணி வகுத்தார். வழிநடத்தும் பாணி ஆலோசகர்களுக்குக் கிடைத்த சராசரி 2.77. அதாவது உதவி தேடி வந்தவரைவிட உதவி செய்பவர் ஏறக்குறைய மூன்று மடங்கு பேசியிருக்கிறார். ரோஜர்ஸ் பாணியில் 0.47.

இதில் ஒரு நேர்மையும் இருந்தது. ராச்செஸ்டரின் ஆரம்ப நாட்களில் ஒரு தாயோடு நடந்த நேர்காணல் ஒன்றை ரோஜர்ஸ் மிகச் சிறந்தது என்று நினைத்துப் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருந்தார். சில வருடம் கழித்துத் தேடி எடுத்துப் படித்துப் பார்த்தால், கூண்டில் ஏற்றிய சாட்சியை வக்கீல் மடக்குவதுபோல இருந்திருக்கிறது. அதையும் எழுதினார். பிற்காலத்தில் அவருடைய முறை, வந்தவர் சொன்னதையே கிளிப்பிள்ளைபோலத் திருப்பிச் சொல்வது என்று சுருங்கிப்போனதும், அதைப் பார்த்து அவரே நொந்துபோனதும் தனிக்கதை.

அதன்பிறகு பயிற்சி வேகமாகப் பெரிதானது. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காக ஆலோசகர்கள் தேவைப்பட்டார்கள். 1960களின் இறுதியில் ஆலன் ஐவி என்பவர் வீடியோ கேமராவை உள்ளே கொண்டுவந்தார். கண்ணைப் பார்த்தல், உடலை முன்னால் சாய்த்தல் என்று கேட்பதைச் சிறு சிறு திறன்களாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். 1981இல் அமெரிக்காவில் உருவான தர ஆணையம் மணிக்கணக்கு வைத்தது. பிராக்டிகம் 100 மணி, அதற்குப்பின் இன்டர்ன்ஷிப் 600 மணி, அதில் 240 மணி நேரம் ஆட்களை நேராகப் பார்க்கவேண்டும். மணிகள் மாறலாம். ஆனால் வகுப்பு, பிறகு மேற்பார்வையின் கீழ் பயிற்சி, பிறகு களம் என்ற அதே எலும்புக்கூடுதான் நம் நாட்டு முதுகலையிலும்.

மலேசியாவுக்கு முதலில் வந்தவர் ரோஜர்ஸ் அல்ல, பார்சன்ஸ். இதை நான் படிக்கத் தொடங்கிய பிறகுதான் கவனித்தேன். 1963இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் ரசல் மெக்கன்சி என்ற கனடியர் கல்வி அமைச்சுக்கு உதவ வந்தார். 1964இல் ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வழிகாட்டி ஆசிரியர் வேண்டும் என்று சுற்றறிக்கை போனது. புதிய நாடு, ஆள் வேண்டும், எவன் எதற்குப் பொருந்துவான் என்று பார்க்கவேண்டும். பாஸ்டனின் அதே தேவை. 1983இல் தாதாவை நாட்டின் முதல் எதிரி என்று அரசாங்கம் அறிவித்தபோது கவுன்சலிங்குக்கு இன்னொரு வேலை வந்தது. முழுநேர வழிகாட்டி ஆசிரியர்கள் இடைநிலைப்பள்ளிகளுக்கு 1996இல்தான் வந்தார்கள். ஆக, நம் பள்ளிகளில் அந்த அறைக்குப் போவதென்றால் ஒன்று மேற்படிப்புத் துண்டுப்பிரசுரம் வாங்கப் போகிறோம், இல்லை ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டோம். அழப் போனவர்கள் யாரையும் என் வகுப்பில் எனக்குத் தெரியாது. போயிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

கேட்பது மட்டுமே வேலை என்ற எண்ணம் இங்கே வேறு வாசல் வழியாக வந்தது. 1953இல் சாட் வாரா என்ற பாதிரியார் லண்டனில், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்கள் கூப்பிட ஒரு தொலைபேசி எண் கொடுத்தார். காத்திருப்பவர்களுக்கு டீ கொடுக்கச் சில தொண்டர்களை வைத்தார். பலர் அந்தத் தொண்டர்களிடம் பேசிவிட்டு, இவரைப் பார்க்காமலேயே ஆறுதலாகப் போய்விடுவதைக் கவனித்தார். அந்த டீக்காரர்களே அமைப்பானார்கள். அதன் வழியில் 1969இல் சிங்கப்பூரிலும் 1970இல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் என்ற பெயரிலும் சேவை தொடங்கியது. பிஃப்ரெண்டர்ஸ் தொண்டர்கள் தங்களைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அப்போது தற்கொலைக்கு முயல்வது இங்கே குற்றம். அந்த 309ஆம் பிரிவை சிங்கப்பூர் 2020இலும் மலேசியா 2023இலும்தான் நீக்கின.

கவுன்சலர் என்ற பெயருக்குச் சட்டம் வந்தது 1998இல், நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில். 580ஆம் எண் சட்டம். பதிவு செய்யாதவர் கவுன்சலர் என்று பலகை மாட்ட முடியாது. பதிவு ஒன்று, தொழில் செய்யும் சான்றிதழ் இன்னொன்று, இரண்டும் வேண்டும். மாமாவின் ஓசி அட்வைஸுக்குத் தடை இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

இந்த வரலாறெல்லாம் தெரிந்துகொண்டுதான் முதல் ஒலிப்பதிவுக்கு உட்கார்ந்தேன். நிஜமான ஆள் இல்லை, சகமாணவி ஒருவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பள்ளி ஆசிரியை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். 20 நிமிடம் தமிழில் பேசவேண்டும். பிறகு அதை எழுத்தில் கொண்டுவந்து, பக்கத்தில் மலாயில் மொழிபெயர்த்து மேற்பார்வையாளரிடம் தரவேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது.

எழுத ஐந்து மணி நேரம் ஆனது. எழுதி முடித்ததும் போர்ட்டரின் கணக்கைப் போட்டுப் பார்க்கும் ஆசை வந்தது. தமிழில் சொல் எங்கே முடிகிறது என்று எண்ணுவது தலைவலி, அதனால் விநாடியில் அளந்தேன். நான் 11 நிமிடம் 40 விநாடி. அக்கா 6 நிமிடம் 10 விநாடி. மீதி மௌனம். 1.9. ரோஜர்ஸ் கட்சி என்று சொல்லிக்கொண்டு திரிந்தவனுக்கு இது. 'ஏன்' மட்டும் ஒன்பது முறை. அக்கா கேட்டுவிட்டுச் சிரித்தார், "தம்பி, எனக்கே என்மேல சந்தேகம் வந்துருச்சு."

இரண்டாம் பதிவில் நான் 6 நிமிடம் 20 விநாடி, அக்கா 10 நிமிடம் 30 விநாடி. 0.6. பெருமையாகத்தான் கொண்டுபோனேன். மேற்பார்வையாளர் எண்ணைப் பார்க்கவே இல்லை. மலாய்ப் பத்தியில் ஓரிடம் காலியாக இருந்ததைப் பேனாவால் தொட்டார்.

அக்கா தன் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்து நிறுத்தி, "என்னத்த சொல்றது" என்ற இடம். நான் தமிழில் எழுதியிருந்தேன். மலாயில் எழுத முயன்றபோது 'சொல்வதற்கு ஒன்றுமில்லை' என்ற பொருளில்தான் வந்துகொண்டிருந்தது. அடித்துவிட்டு விட்டுவிட்டேன். இது என்ன என்று கேட்டார். சொல்ல ஒன்றுமில்லை என்பதுபோலக் கேட்கும், ஆனால் சொல்வதற்கு நிறைய இருக்கும்போதுதான் எங்கள் ஆட்கள் இதைச் சொல்வார்கள் என்றேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் இடம். யாராவது கொஞ்சம் பொறுத்தால் அடுத்த வரி வரும்.

"நீ பொறுத்தாயா?" என்று கேட்டார்.

ஒலிப்பதிவைப் போட்டோம். அக்காவின் குரல் நிற்கிறது. ஏர்கான் சத்தம் கேட்கிறது. நாலாவது விநாடியில் என் குரல், "அப்பாவுக்கு இப்ப எத்தன வயசு அக்கா?"

அவர் திரும்பப் போட்டார். இன்னொரு முறையும். நான் அவரிடம் கம்ப்ரெசர் அறையைப் பற்றியும், கழுவி வைத்த கோப்பையைப் பற்றியும் சொல்லத் தொடங்கியது அப்போதுதான். அவர் என்னிடம் கேள்வி எதுவும் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.